செயலி இருக்கட்டும், படிவம்?
அரசுச் சேவைகளுக்குத் தனிச் செயலி வந்துவிட்டால் கைபேசியில் எல்லாம் எளிதாகிவிடும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. கடலூர் முதுநகரில் இருக்கும் என் அம்மாவின் போனில் இன்னொரு செயலிக்கு இடமே இல்லை. பேரப்பிள்ளைகளின் படங்கள்தான் நிறைந்து கிடக்கின்றன. போன மாதம் சாக்கடை அடைப்புக்காக ஒரு புகார்த் தளத்தில் நானே முயன்றேன். படம் 200 கேபிக்குள் இருக்க வேண்டுமாம்! போன் கேமராவில் எடுத்தால் எம்பி கணக்கில் வருகிறது. அதைச் சுருக்கும் வேலையை பிரவுசரே செய்துவிடும், தளத்தில் நாலு வரி நிரல் சேர்த்தால் போதும். ஓடிபி பார்க்க மெசேஜுக்குப் போய்த் திரும்பினால் நிரப்பியதெல்லாம் காலி. கடைசியில் பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்துத்தான் முடித்தேன். அப்புறம் அரசு அறிவிப்புகள். எந்தக் கருவியிலும் எழுத்தை ஒரே மாதிரி படிக்கவும் தேடவும் உதவும் பொதுக் குறியீட்டு முறையான யுனிகோடை தமிழக அரசு ஏற்றது 2010-இல். ஆனால் யுனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் அடித்த அறிவிப்பு பிடிஎஃப்பில் தெருப் பெயரைத் தேடினால் இன்றைக்கும் கிடைக்காது.