காலவரம்பைப் பற்றியும் சொல்லியிருக்கலாம்

சிறு தொழில் செய்பவர்கள் எல்லா ஒப்பந்தத்தையும் எழுத்தில் போட வேண்டும் என்கிறது கட்டுரை. சரிதான். ஆனால் நிலுவைப் பணத்துக்கு வழக்குப் போடும் காலவரம்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்பதுதான் என் வருத்தம். நான் அடிபட்டது அங்கேதான்.

என்னிடம் ஒப்பந்தம் இருந்தது, பில் இருந்தது. வாடிக்கையாளர் நல்லவர் போலப் பேசுவார். "அடுத்த மாதம் தந்துவிடுகிறேன்" என்று ஒவ்வொரு முறையும் போனில் சொல்வார். உறவு கெடக்கூடாது என்று நானும் பொறுத்தேன். வழக்கறிஞரிடம் போனபோது காலம் கடந்துவிட்டது.

இந்தக் கெடு நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் சாதாரண ஒப்பந்தக் கடனுக்கு 3 ஆண்டுகள், இங்கிலாந்தில் 6 ஆண்டுகள். வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் கெடு நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். இந்த இரண்டு நாடுகளிலும் நோட்டீஸ் மட்டும் போதாது. கெடுவுக்குள் வழக்கைத் தாக்கல் செய்தாக வேண்டும்.

ஆனால் ஒரு வழி உண்டு. கெடு முடியும் முன் கடன்பட்டவர் "இவ்வளவு தர வேண்டியிருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்தத் தேதியிலிருந்து காலம் புதிதாக ஓடும். வாய்வார்த்தைக்கு இந்தப் பலன் கிடையாது. அதனால் இப்போதெல்லாம் ஆண்டு முடிவில் பாக்கி உள்ள ஒவ்வொருவருக்கும் நிலுவைக் கணக்கு அனுப்பி, ஒப்புதல் கையெழுத்து வாங்கி வைக்கிறேன். கேட்கக் கூச்சமாக இருக்கும், அப்புறம் பழகிவிடும். தர நினைப்பவர் யாரும் இதுவரை மறுத்ததில்லை.