நிலவின் குதிரையை நான் நகலெடுக்கவில்லை

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பலரும் நேரில் பார்த்தீர்கள். ஆகவே யார், எங்கே என்று மறுபடி விரிக்கப் போவதில்லை. என் கரித்துண்டு ஓவியங்கள் பன்னிரண்டையும் ஒரே நிமிடத்தில் பார்த்து முடித்த பெரியவர், "கிரேக்கச் சிலைகளின் நல்ல நகல்கள்" என்று மேடையில் பாராட்டினார். பாராட்டினார் என்றே வைத்துக்கொள்வோம். அவையில் எழுந்த சிரிப்புக்கு வேறு காரணம் இருந்திருக்கலாம்.

அருங்காட்சியகத்தில் ஒரு சிலையின் முன் அமர்ந்து வரைவது நகலெடுப்பது அன்று, பார்க்கக் கற்றுக்கொள்வது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் 18ஆம் அறையில் இருக்கும், நிலவுத் தெய்வம் செலினியின் குதிரைத் தலையை நான் நாற்பது முறையாவது வரைந்திருப்பேன். ஏதென்சின் பார்த்தெனான் கோயிலில், கிழக்கு முகப்பு முக்கோணத்தின் வலது ஓரத்தில் இருந்தது அது. இரவெல்லாம் அவள் தேரை இழுத்துவிட்டு அடிவானத்துக்குக் கீழே இறங்கும் குதிரை. மூக்குத் துளைகள் விரிந்து, கண்கள் பிதுங்கி, கீழ்த்தாடை விளிம்பைத் தாண்டித் தொங்குகிறது. மூலையில் இடம் போதாத இக்கட்டையே சிற்பி குதிரையின் களைப்பாக மாற்றிவிட்டான்.

என் பன்னிரண்டு ஓவியங்களில் ஒரு குதிரைகூட இல்லை. அதிகாலைப் பேருந்தில் தலை சாய்ந்து உறங்கும் துப்புரவுப் பணியாளர்கள்தாம் இருக்கிறார்கள். அந்தத் தாடையின் பாரம் மட்டுமே கிரேக்கத்திலிருந்து வந்தது. இதற்குப் பெயர் நகலா?

லண்டனுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு கிடங்கில் எனக்கு இரவுப்பணி. அறையில் கணப்புக்குக் கொடுக்கக் காசில்லை; அருங்காட்சியகத்திலோ நுழைவுக் கட்டணமும் இல்லை, குளிரும் இல்லை. கலைத்தாகம் என்று பெருமையாகச் சொல்ல ஆசைதான், ஆனால் கதகதப்புக்காகத்தான் போனேன். உறக்கம் கண்ணைச் சுழற்ற நின்றபோது, என்னைப் போலவே இரவுப்பணி முடித்துவந்த ஒரு முகம் எதிரே இருந்தது. அன்றைக்குத்தான் வரையத் தொடங்கினேன்.

நகல் என்றால் அத்தனை இழிவா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. பழங்காலக் கிரேக்கச் சிற்பி மைரோன் வெண்கலத்தில் வார்த்த வட்டெறியும் வீரனின் மூலச்சிலை இன்று உலகில் எங்கும் இல்லை. ரோமானியர்கள் பளிங்கில் செய்துவைத்த நகல்களால்தான் அதை அறிகிறோம். 1791இல் இத்தாலியின் திவோலியில் கிடைத்த நகலுக்குத் தலையைத் தவறான திசையில் ஒட்டிவிட்டார்கள். அதுவும் இதே அருங்காட்சியகத்தில் மதிப்போடு நிற்கிறது. பிரெஞ்சுச் சிற்பி ரோடின் 1881இல் இங்கே வந்து பார்த்தெனான் சிற்பங்களைக் கண்டு மயங்கினார். உடைந்த சிலைகளைப் பார்த்துப் பார்த்தே தலையும் கையும் இல்லாத மனிதனை நடக்கவிட்டார். அவர் செய்தால் தாக்கம் என்பார்கள். எனக்கு மட்டும் நகல்.

'அந்தப் பார்த்தெனான் சிற்பங்கள் திருட்டுப் பொருள்கள் அல்லவா' என்று சிலர் தொடங்குவீர்கள். பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபுவின் ஆட்கள் 1801 முதல் பெயர்த்தெடுத்தவற்றை ஏதென்சுக்குத் திருப்பித் தர வேண்டும் என்பதே என் கருத்தும். தந்தால் அங்கே போய் வரைவேன். இதற்கும் நகலுக்கும் என்ன தொடர்பு?

'நம்மிடம் இல்லாத சிலையா, வெள்ளைக்காரன் கல்லில் என்ன இருக்கிறது' என்ற கேள்விதான் என்னை உண்மையில் நோகடித்தது. அந்தக் கல் வெள்ளையாகவே இருக்கவில்லை, ஐயா. அதன்மேல் வண்ணம் பூசியிருந்தார்கள். பார்த்தெனான் கோயிலின் வானவில் தெய்வம் ஐரிஸின் சிலையில் எகிப்திய நீலம் என்ற பழங்கால நிறமியின் தடயம் கிடைத்திருக்கிறது. அதே அருங்காட்சியகத்தில் இருக்கும் சோழர் கால நடராசரின் தூக்கிய பாதத்தை வைத்து முன்பு ஒரு வரிசை வரைந்தேனே, அப்போது இதே பெரியவர் 'மரபின் தொடர்ச்சி' என்று தோளில் தட்டினார். அதே கை, அதே கரித்துண்டு. பாதத்தை வரைந்தால் மரபு, தாடையை வரைந்தால் நகல் என்றால், அவர் பார்த்தது ஓவியத்தை அன்று; என் பிறந்த ஊரை.

வெள்ளிக்கிழமைகளில் அருங்காட்சியகம் இரவு வரை திறந்திருக்கும். அந்தக் கீழ்த்தாடை எனக்கு இன்னும் சரியாக வந்தபாடில்லை, ஆகவே இந்த வாரமும் போகிறேன். பெரியவரும் வரலாம், பென்சில் நான் தருகிறேன்.