சரி, மறுநாள் சம்பளம் யார் கொடுப்பது?

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு அந்த ஸ்க்ரீன்ஷாட் வந்திருக்கும். என் கேள்வியின் பின்பாதியை வெட்டிவிட்டு, "சர்வாதிகாரிக்கு வக்காலத்து வாங்கும் பாண்டிச்சேரி அறிவாளி" என்று சிவப்பு எழுத்தில் தலைப்பு வேறு. அறிவாளி என்றதற்கு நன்றி.

கொடுங்கோலாட்சி நடக்கும் நாட்டுக்குள் வெளிநாட்டுப் படை இறங்கி அதைக் கவிழ்க்க வேண்டும் என்பதுதான் மேடையில் பேச்சு. நான் கேட்டது இவ்வளவுதான். படை இறங்கியாயிற்று, ஆட்சியைக் கவிழ்த்தாயிற்று, சிலையையும் உடைத்தாயிற்று. சரி, மறுநாள் காலையில் போலீஸ்காரருக்குச் சம்பளம் யார் கொடுப்பது? ஆயுதக் கிடங்குச் சாவி யார் கையில்? மேடையில் இருந்தவர் சிரித்துவிட்டு, "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் சார், முதலில் விமானம் பறக்கத் தடை போட்டாலே ஒரு வாரத்தில் முடிந்துவிடும்" என்றார். கைதட்டினார்கள்.

ஒரு வாரமாம். ஒரு நாட்டின் விமானங்கள் அதன் வானிலேயே பறக்கக் கூடாது என்று வெளிநாடுகள் போடும் தடை என்றால் போக்குவரத்து போலீஸ் கையைக் காட்டி வண்டியை நிறுத்துவது மாதிரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். லிபியாவில் அது எப்படி நடந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன். 2011 மார்ச் 17, ஐ.நா. பாதுகாப்பு சபையின் 1973ஆம் தீர்மானம். பத்து நாடுகள் ஆதரவு. இந்தியா, ஜெர்மனி, பிரேசில், ரஷ்யா, சீனா ஐந்தும் வாக்களிக்கவில்லை. நான்காவது பத்தியில் பொதுமக்களைக் காக்க "தேவையான எல்லா நடவடிக்கைகளும்" எடுக்கலாம் என்று இருக்கிறது. அதே பத்தியில் அந்நிய ஆக்கிரமிப்புப் படை எந்த வடிவிலும் கூடாது என்றும் இருக்கிறது. அதாவது மேலேயிருந்து அடிக்கலாம், கீழே இறங்கிப் பொறுப்பேற்கக் கூடாது. மறுநாளைப் பற்றிய பதில் காகிதத்திலேயே இல்லை.

மார்ச் 19 அன்று கிளர்ச்சியாளர்கள் கையில் இருந்த பெங்காசி நகரத்தருகே, லிபியாவை ஆண்ட கடாஃபியின் கவச வண்டிகளைப் பிரெஞ்சு விமானங்கள் அடித்தன. அன்றிரவே கப்பல்களிலிருந்தும் நீர்மூழ்கிகளிலிருந்தும் நூற்றுக்கும் மேற்பட்ட டோமஹாக் ஏவுகணைகள் போயின. எதற்கு? வானத்தில் காவல் காக்க வேண்டுமானால் முதலில் தரையில் இருக்கும் ரேடாரையும் விமான எதிர்ப்பு ஏவுகணைகளையும் உடைத்தாக வேண்டும். ஆக, தடையின் முதல் நாளே குண்டுவீச்சுதான். அடுத்து, வானிலேயே எரிபொருள் நிரப்பும் டேங்கர் விமானங்கள், ரேடார் விமானங்கள். இவை இல்லாமல் போர் விமானம் அங்கே சுற்றிக்கொண்டிருக்க முடியாது. டேங்கரில் பெரும்பகுதி அமெரிக்காவுடையது. கடாஃபியின் விமானங்கள் சில நாளில் ஒழிந்தன. ஆனால் சண்டை பீரங்கியிலும் டாங்கியிலும் நடக்கிறதே? சரி, டாங்கியை அடி. அடித்தார்கள். கடாஃபி ஆட்கள் டாங்கியை விட்டுவிட்டு பிக்கப் வண்டியில் ஏறி ஊருக்குள் புகுந்தார்கள். கிளர்ச்சியாளர்களிடமும் அதே பிக்கப்தான். பதினைந்தாயிரம் அடி உயரத்திலிருந்து எவன் யார் என்று எப்படித் தெரியும்? ஏப்ரல் 7 அன்று பிரேகா அருகே கிளர்ச்சியாளர்களின் டாங்கிகளையே அமெரிக்க-ஐரோப்பிய ராணுவக் கூட்டணியான நேட்டோ அடித்தது. அவர்களிடம் டாங்கி இருப்பது தெரியாது என்று பிறகு விளக்கம். கடைசியில் "கட்டளை மையங்கள்" என்று சொல்லி ஆட்சியையே அடிப்பதில் வந்து நின்றது. சுமார் 26,500 பறப்புகள், அதில் 9,700 தாக்குதலுக்கு. ஒரு வாரமில்லை, ஏழு மாதம்.

அக்டோபர் 20 அன்று கடாஃபி செத்தார். 31ஆம் தேதி நேட்டோ பணி முடிந்தது. சரி, மறுநாள்?

மறுநாள் கிடங்குகள் திறந்து கிடந்தன. தோளில் வைத்துச் சுடும் விமான எதிர்ப்பு ஏவுகணைகளை மட்டும் கடாஃபி சுமார் 20,000 வாங்கியிருந்ததாக அமெரிக்க அதிகாரிகளே மதிப்பிட்டார்கள். புதிய அரசிடம் படை இல்லை, அதனால் ஆயுதக் குழுக்களுக்கே சம்பளம் போட்டது. சம்பளம் என்றதும் என்ன நடக்கும்? சண்டையில் இருந்தவர்களைப் போலப் பல மடங்கு பேர் பட்டியலில் ஏறினார்கள். ஒரே மத்திய வங்கியின் எண்ணெய்ப் பணத்தில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட குழுக்கள். 2014இல் திரிப்போலியில் ஓர் அரசு, கிழக்கே இன்னோர் அரசு. ஆயுதத்தோடு தெற்கே போன, சகாரா பாலைவனத்துத் துவாரக் இனப் போராளிகள் 2012இல் மாலியைப் பிளந்தார்கள். அதை அடைக்க 2013இல் பிரான்ஸ் மறுபடி படை அனுப்பியது. மாலியிலிருந்து 2022இலும் நைஜரிலிருந்து 2023இலும் அந்தப் படை கிளம்ப வேண்டியதாயிற்று.

2023 செப்டம்பரில் லிபியாவின் டெர்னா நகரத்துக்கு மேலே இரண்டு அணைகள் உடைந்து ஆயிரக்கணக்கானோர் கடலுக்குள் போனார்களே, அந்த அணைகளில் பழுதுபார்ப்பு வேலை தொடங்கியது 2010இல். 2011 சண்டையில் நின்றது. திரும்பத் தொடங்கவேயில்லை. அதே 2011இன் கடைசியில் தானே புயல் நம்மைப் புரட்டிப் போட்டது. கடலூரில் ஒரு கம்பம் மிச்சமில்லை. ஆனால் வெளி மாவட்டங்களிலிருந்து மின்வாரிய ஆட்கள் லாரியில் வந்து கம்பம் நட்டார்கள். திட்டிக்கொண்டே இருந்தோம், ஆனால் திட்டுவதற்கு ஓர் அரசாங்கம் இருந்தது.

"அப்போ கடாஃபி நல்லவரா?" வந்துவிட்டீர்களா. இல்லை. நான் எங்கேயும் சொல்லவில்லை. அவர் கெட்டவர் என்பதால் மறுநாள் தானாக நல்லதாகிவிடாது என்கிறேன். பிரிட்டிஷ் நாடாளுமன்ற வெளியுறவுக் குழுவே 2016இல் இதைத்தான் எழுதியது. மறுநாளுக்குத் திட்டமிடாததுதான் தன் பதவிக்காலத்தின் மிகப் பெரிய தவறு என்று ஒபாமாவே சொன்னார். அவருக்கும் சிவப்பு எழுத்தில் தலைப்பு போடுங்கள்.

"இராக்கில் பொறுப்பேற்றார்களே?" ஏற்றார்கள். 2003 மே 23 அன்று, இராக்கை நிர்வகிக்க அமெரிக்கா அனுப்பிய பிரெமரின் இரண்டாம் ஆணை இராணுவத்தையே கலைத்தது. ஏறக்குறைய நான்கு லட்சம் பேர், ஆயுதப் பயிற்சியோடு, சம்பளமில்லாமல் வீட்டுக்கு. இன்னொரு பக்கம் அல் கக்கா கிடங்கிலிருந்து 300 டன்னுக்கும் மேற்பட்ட வெடிபொருள் காணாமல் போனது. இரண்டையும் சேர்த்தால் என்ன வரும் என்று பட்டாசுக் கடைக்காரரே சொல்வார். அந்த ஆண்டு அமெரிக்கா இந்தியாவிடம் இராக்குக்கு அனுப்ப ஒரு டிவிஷன் படை கேட்டது. ஜூலையில் வாஜ்பாய் அரசு முடியாது என்றது. அந்த அரசைப் பற்றி எனக்கு ஆயிரம் விமர்சனம் உண்டு. இதில் இல்லை.

"ருவாண்டா?" 1994 இனப்படுகொலை. ஒப்புக்கொள்கிறேன், இது கனமான கேள்வி. ஆனால் அங்கே ஐ.நா. படை ஏற்கெனவே இருந்தது. கொலைகள் நடக்கும்போதே, ஏப்ரல் 21 அன்று, அதை 270 பேராகக் குறைத்தார்கள். இருக்கிறவனை எடுக்காதே என்பதும் புதிதாகப் போய் ஆட்சியைக் கவிழ் என்பதும் ஒன்றா? இதற்கு மேல் இதில் நான் இழுக்கப்போவதில்லை.

"1971?" இதைத்தான் எதிர்பார்த்தேன். வங்கதேசத்தில் மறுநாளுக்குப் பதில் இருந்தது. தேர்தலில் வென்ற கட்சி இருந்தது. ஏப்ரலிலேயே முஜிப்நகரில் அரசு அமைத்திருந்தார்கள். அவர்களின் விடுதலைப் படையான முக்தி வாகினி உள்ளூர்க்காரர்கள், மொழி தெரிந்தவர்கள். ஏறக்குறைய ஒரு கோடி அகதிகள் இங்கே வந்து சேர்ந்த பின்னும் இந்தியா டிசம்பர் வரை காத்திருந்தது, மழையில் ஆறுகளைத் தாண்ட முடியாது, இமயக் கணவாய்கள் பனியில் மூட வேண்டும் என்று. அந்தக் கட்சியின் தலைவர் முஜிபுர் ரஹ்மான் ஜனவரி 10 அன்று டாக்காவில் இறங்கினார். மார்ச்சில் நம் படை ஊர் திரும்பிவிட்டது. எல்லாம் சேர்ந்து அமைந்தால்தான் அப்படி நடக்கும். அதை எடுத்துக்காட்டாகச் சொல்பவர்கள் இந்தப் பட்டியலை மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

இதைப் புரிந்துகொள்ள பாண்டிக்காரன் ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. பீச் ரோட்டில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே சிலை பக்கத்தில் செல்ஃபி எடுக்கிறீர்களே, அந்த ஆளைத் துணைக்கு அழைத்தவர் ஆர்க்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப். 1752இல் தலை போயிற்று. எதிரி முகமது அலி ஆங்கிலேயரை அழைத்தார். அவர் ஜெயித்தார், பில்லும் வந்தது. படைச் செலவுக் கடன் ஏறி ஏறி, 1801இல் அந்த நவாபின் நாடே (அன்று அதற்குப் பெயர் கர்நாடகம்) ஆங்கிலேயக் கம்பெனி கைக்குப் போய்விட்டது. இடையில் 1761இல் ஆங்கிலேயர் நம் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். தோற்றவனுக்கும் ஜெயித்தவனுக்கும் கிடைத்தது இதுதான்.

இப்போது எனக்கு உண்மையிலேயே வலிக்கிற இடத்துக்கு வருகிறேன். 1987 ஜூன் 4, யாழ்ப்பாணத்தின் மேல் நம் விமானங்கள் உணவுப் பொட்டலம் போட்டபோது இங்கே ஆரவாரம். ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தம். மறுநாளே பலாலியில் இந்திய அமைதிப் படை. அக்டோபரில் அதே படை யாழ்ப்பாணத்தைப் பிடிக்கப் புலிகளோடு சண்டை போட்டது. பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கிய சீக்கியப் பிளாட்டூனில் 30 பேரில் 29 பேர் இறந்தார்கள். தீபாவளி அன்று அந்தப் படை யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் சுட்டதை நான் சொல்ல வேண்டியதில்லை. சோறு போட்ட படை, மொழி தெரியாத படை, யாரிடம் ஆட்சியைக் கொடுத்துவிட்டுக் கிளம்புவது என்று தெரியாத படை. இளைஞர்களைப் பிடித்து ஒரு தமிழ்த் தேசிய இராணுவம் கட்டினார்கள். 1990 மார்ச் 24 அன்று கடைசிக் கப்பல் கிளம்பும் முன்பே அது கலைந்துபோயிருந்தது. ஜூனில் இலங்கை அரசுக்கும் புலிகளுக்கும் மறுபடி போர். சுமார் 1,200 இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். அந்த மக்களில் எத்தனை பேர் என்று யாரும் சரியாக எண்ணவில்லை.

இதையெல்லாம் எனக்குத் தேதி தேதியாகச் சொல்லிக்கொடுத்தவர் ஞாயிறன்று முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அண்ணே, வேறு யார் என்ன எழுதினாலும் எனக்குக் கவலையில்லை. நீங்கள் ஏன் அதற்கு லைக் போட்டீர்கள்? யாழ்ப்பாணத்தில் தப்பு என்று நீங்களே சொன்னது திரிப்போலியில் எப்படிச் சரியாகும்? கமெண்டில் வேண்டாம். போன் பண்ணுங்கள்.