புள்ளியைத் துடைத்தால் முகமும் போய்விடும்

'பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' என்ற பழைய திகில் படத்தின் ப்ளூரே வட்டைப் பற்றிய உங்கள் விமர்சனத்தில் "ஒரே புள்ளி புள்ளியாக இருக்கிறது, துடைத்திருக்கலாம்" என்கிறீர்கள். 1935-இல் ஃபிலிமில் எடுத்த படம் சார், அந்த கிரெயின், அதாவது ஃபிலிமுக்கே உரிய அந்தப் பொடிப் புள்ளிகள்தான் படமே! அதைத் துடைத்தால் முகமெல்லாம் மெழுகு பொம்மை. மணமகளாக வரும் எல்சா லான்செஸ்டர் தலையில் அந்த வெள்ளைக் கீற்றில் நிறுத்திப் பாருங்கள், நெளிவு நெளிவாகத் தெரியும். என் பழைய டிவிடியில் அது சுண்ணாம்பு இழுத்த மாதிரி வெறும் பட்டை.

ஒலி மோனோதான், அதாவது ஒற்றைத் தடம். லேசாக இரையும், அந்தக் கால ஒலித்தடம் அப்படி. மணமகளுக்கு உயிர் வரும் காட்சியில் ஃபிரான்ஸ் வாக்ஸ்மன் இசையில் முரசு இதயத்துடிப்பு போல அடிக்கும். சுற்றிலும் ஒலிக்க வைக்கும் சரவுண்டை அணைத்துவிட்டுக் கேளுங்கள், நேராக நெஞ்சில் இறங்கும். 1931-இல் வந்த முதல் பாகத்தில் பின்னணி இசையே அநேகமாகக் கிடையாது. நீங்கள் இந்த இரண்டு படங்களையும் ஒரே தராசில் வைத்தது மட்டும் எனக்கு ஒப்பவில்லை.