காலியாக இருக்கும் அந்த இடம்

"நடனம் என்றாலே கொண்டாட்டம்தான், செத்தவர்களுக்காக ஆடுவது அவமரியாதை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை. சிலியின் குவேக்கா, ஆணும் பெண்ணும் கைக்குட்டை வீசி ஜோடியாக ஆடும் நடனம். பினோசேயின் ராணுவ ஆட்சியில் கணவரையும் பிள்ளைகளையும் பறிகொடுத்த பெண்கள் 1978-இல் அதைத் தன்னந்தனியாக மேடையேற்றினார்கள். காணாமல் ஆக்கப்பட்டவரின் படம் நெஞ்சில் குத்தியிருக்கும். அதே கைக்குட்டை, அதே அடிகள். எதிரே ஜோடி நிற்க வேண்டிய இடம் மட்டும் காலி. பார்ப்பவர் கண் அங்கேதான் போய் நிற்கும். 'இவர் எங்கே?' என்று கேட்பதே ஆபத்தாக இருந்த காலம் அது. 1979-இல் அதே அரசு குவேக்காவைத் தேசிய நடனமாக அறிவித்தது. அப்புறமும் அந்தப் பெண்கள் தனியாக ஆடுவதை விடவில்லை.