நெருக்கடின்னா உரிமை எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு

நாட்டுக்கு ஆபத்துன்னா முதல்ல நாடு, உரிமையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்னு கட்டுரையில ஈசியா எழுதிட்டீங்க சார், அந்த "அப்புறம்" எப்ப வரும்னு யார் முடிவு பண்றது? 1975 ஜூன் 25 ராத்திரி எமர்ஜென்சி போட்டாங்க, 1977 மார்ச் 21 வரைக்கும் இழுத்துச்சு. இங்க 1976 ஜனவரி 31 அன்னைக்கு கலைஞர் ஆட்சிய கலைச்சதுக்கு அப்புறம்தான் சூடே தெரிஞ்சுது, விசாரணையே இல்லாம உள்ள வைக்கிற மிசா சட்டத்துல கொத்துக்கொத்தா பிடிச்சு உள்ள போட்டாங்க, சென்னை மத்திய சிறையில அடிபட்ட திமுக எம்.பி. சிட்டிபாபு உயிரோட மிஞ்சல.

எங்க தாத்தா டீக்கடை வச்சிருந்தார், அதுவரை பெஞ்சுல ஒருத்தர் பேப்பர சத்தமா படிக்க பத்து பேர் கேப்பாங்களாம், அப்புறம் அவரே "இங்கு அரசியல் பேசாதீர்கள்"னு போர்டு மாட்டிட்டார், யாரும் வந்து மாட்டச் சொல்லல, பயம்தான்.

கோர்ட் இருக்கேன்னு சொல்வீங்க. எமர்ஜென்சியில பிடிச்சு உள்ள போட்டவங்க கோர்ட்டுக்கு போக முடியுமான்னு சுப்ரீம் கோர்ட்ல நடந்த ஜபல்பூர் கேஸ்ல நீதிபதி கன்னா, ஒரு போலீஸ்காரன் சொந்தப் பகையில ஒருத்தன கொன்னா கூடவா கோர்ட்ல வழியில்லன்னு கேட்டதுக்கு, எமர்ஜென்சி இருக்கற வரைக்கும் இல்லன்னு அரசு வக்கீல் சொன்னார். அஞ்சு நீதிபதியில நாலு பேர் அரசு பக்கம். எதிர்த்து தீர்ப்பு எழுதின ஒரே ஆள் கன்னாவுக்கு தலைமை நீதிபதி பதவி கைநழுவிப் போச்சு (ராஜினாமா பண்ணிட்டார், மனுஷன்!). 1978ல 44வது திருத்தம் வந்தப்புறம்தான் எமர்ஜென்சியிலயும் உயிருக்கும் சுதந்திரத்துக்கும் உரிமை தர்ற 21வது பிரிவுல கை வைக்க முடியாதுன்னு ஆச்சு. அத பத்தி கட்டுரையில ஒரு வரி கூட காணோமே சார்?