ஊர் வளரும்போது முதலில் கேட்க வேண்டியது: பஸ் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று?

ஊர் கொஞ்சம் வளர்ந்ததும் எல்லோர் வாயிலும் வருவது மேம்பாலமும் சாலை அகலப்படுத்துவதும்தான். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. முதலில் பஸ் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

10 கிலோமீட்டர் தடம். நிறுத்தம், சிக்னல் எல்லாம் சேர்த்து பஸ்ஸின் சராசரி வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர் என்று வையுங்கள். போக 40 நிமிடம், திரும்ப 40, இரு முனையிலும் சேர்த்து 10 நிமிட ஓய்வு. ஒரு சுற்றுக்கு 90 நிமிடம். ஆறு பஸ் ஓடினால் 15 நிமிடத்துக்கு ஒன்று வரும். நெரிசல் கூடி வேகம் 12க்கு இறங்கினால் சுற்று 110 நிமிடமாகிவிடும். அதே ஆறு பஸ்தான், ஆனால் இடைவெளி 18 நிமிடத்தைத் தாண்டும். பழைய 15 நிமிடத்தைக் காப்பாற்ற எட்டு பஸ் வேண்டும். புதிதாக வாங்கும் இரண்டு பஸ்ஸையும் நெரிசலே விழுங்கிவிடுகிறது.

அதனால் புது பஸ் வாங்கும் முன், ஓடுகிற பஸ் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். சிக்னலுக்கு முன்னால் நிறுத்தம் இருந்தால், ஆள் ஏறி முடிப்பதற்குள் பச்சை போய் மறுபடி சிவப்பு விழும். நிறுத்தத்தைச் சிக்னல் தாண்டி வையுங்கள். தடம் முழுக்கத் தனிப்பாதை கிடைக்காவிட்டாலும், மோசமான சந்திப்புக்கு முந்தைய 100 மீட்டர் கிடைத்தாலே பெரிய விஷயம். ஒரே கதவு, ஆளுக்கு 3 விநாடி என்றால் 40 பேர் ஏற 2 நிமிடம். டிக்கெட்டை முன்கூட்டியே கொடுத்து இரண்டு கதவிலும் ஏற்றினால் அது பாதியாகும். தாமதமான பஸ்ஸுக்கு ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூட்டம் அதிகம், அதனால் இன்னும் தாமதம். பின்னால் வருவது காலியாக ஓடி வந்து இதைப் பிடித்துவிடும். அரை மணி நேரம் ஒன்றுமே வராமல் இரண்டு பஸ் ஒட்டி வருவது இப்படித்தான்.

இன்னொரு தவறு, வார்டுக்கு ஒரு தடம். 12 பஸ்ஸை ஆறு தடத்துக்கு இரண்டிரண்டாகப் பிரித்தால் 45 நிமிடத்துக்கு ஒன்று. இரண்டு தடத்தில் ஆறாறாக விட்டால் 15 நிமிடம். சிலர் கூடுதலாக 400 மீட்டர் நடக்க வேண்டும், சிலர் மாறி ஏற வேண்டும். எதிர்ப்பு வரும், தெரிந்ததுதான். ஆனால் 45 நிமிட பஸ்ஸை நம்பி யாரும் வேலைக்குக் கிளம்ப மாட்டார்கள். கடன் வாங்கியாவது இரு சக்கர வண்டி எடுத்துவிடுவார்கள். அப்படிப் போனவர்களைத் திரும்ப பஸ்ஸில் ஏற்றுவது மிகக் கடினம்.

சந்திப்பில் போக்குவரத்தை எண்ணும் முறையிலும் கோளாறு இருக்கிறது. ஒரு பஸ்ஸை மூன்று காராகக் கணக்கிடுவது வழக்கம். பஸ்ஸில் 50 பேர் இருப்பார்கள், மூன்று காரில் ஐந்தாறு பேர். நடப்பவர்கள் பல கணக்கெடுப்பில் வருவதே இல்லை. வண்டியை எண்ணினால் வண்டிக்குத்தான் சாலை கிடைக்கும். தலையை எண்ணுங்கள்.

பிரேசிலின் குரிடிபா 1974இல் விரைவு பஸ் பாதையைத் தொடங்கியபோது, உயரமான கட்டடங்களுக்கான அனுமதியையும் அந்தப் பாதைகளை ஒட்டியே கொடுத்தது. பஸ்ஸும் வீடும் ஒரே திட்டம். நம்மில் பலர் வீட்டுமனைகளை முதலில் விற்றுவிட்டு பஸ்ஸை அப்புறம் தேடுகிறோம்.

மனைப்பிரிவு வரைபடத்தில் முட்டுச் சந்துகளைப் பாருங்கள். பின்பக்கச் சுவருக்கு அப்பால் 150 மீட்டரில் பஸ் நிறுத்தம் இருக்கும், ஆனால் சுற்றிப் போனால் ஒரு கிலோமீட்டருக்கு மேல். அந்தச் சந்தின் முடிவில் 3 மீட்டர் அகலத்துக்கு, விளக்கும் வடிகாலும் உள்ள நடைவழியை விடச்சொல்லி, அனுமதி கொடுக்கும்போதே எழுதி வாங்க வேண்டும். வீடு கட்டி மதில் எழுப்பிய பிறகு அந்த 3 மீட்டரை எந்தத் துறையாலும் மீட்டுக் கொடுக்க முடிவதில்லை.